யார் சிறந்த ஓட்டுநர்? – கணக்கு சொல்லும் பதில்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நீங்கள் உபந்யாசம் கேட்டிருக்கிறீர்கள். சர்க்கரை வியாதி பற்றி டாக்டர்கள் பேசிக் கேட்டிருக்கிறீர்கள். 75 வயதுக்காரன் ஒருவன் கார் பந்தயம் பற்றிப் பேச வந்திருப்பதைப் பார்த்துச் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவன். சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் புள்ளிவிவர அட்டவணைகளோடு குடித்தனம் நடத்தியவன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணக்குப் போடத் தெரியும். ஆகவே "எல்லாக் காலத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் யார் சிறந்தவர்?" என்ற கேள்வியைக் கணக்கு வழியாகவே அணுகுகிறேன்.

உலக சாம்பியன் போட்டி 1950-ல் தொடங்கியது. வெற்றிகளை மட்டும் எண்ணினால் வேலை சுலபம். 2024 முடியும் வரை லூயிஸ் ஹாமில்டன் 105, மைக்கேல் ஷூமாக்கர் 91, ஆலன் ப்ராஸ்ட் 51, அயர்டன் சென்னா 41, ஜிம் கிளார்க் 25, அர்ஜென்டினாவின் ஹுவான் மானுவேல் ஃபான்ஜியோ 24. ஹாமில்டனுக்கு மாலை போட்டுவிட்டுக் காபி சாப்பிடப் போகலாம் என்று தோன்றும். ஆனால் 1950-ல் வருஷம் முழுவதற்கும் 7 பந்தயங்கள், 2024-ல் 24. ஃபான்ஜியோ தன் வாழ்நாளில் ஓட்டியதே 51 பந்தயங்கள்தான்.

சரி, சதவீதம் போடுவோம். ஃபான்ஜியோ 51-க்கு 24, அதாவது 47 சதவீதம். கிளார்க் 72-க்கு 25, 35 சதவீதம். ஷூமாக்கரும் ஹாமில்டனும் ஏறக்குறைய 30. ப்ராஸ்டும் சென்னாவும் 25-க்குச் சற்று மேல். பட்டியல் அப்படியே தலைகீழாகிவிட்டது!

சதவீதத்திலும் ஓட்டை உண்டு. ஃபான்ஜியோவின் காலத்தில் ஒருவர் கார் பழுதானால் அதே குழுவைச் சேர்ந்த இன்னொருவரின் காரை நடுவழியில் வாங்கிக்கொண்டு ஓட்டலாம். 1951-ல் பிரான்ஸில் ஃபாஜியோலியின் காரையும், 1956-ல் அர்ஜென்டினாவில் முஸ்ஸோவின் காரையும் அவர் அப்படித்தான் வாங்கி ஜெயித்தார். இந்த இரண்டையும் முழு வெற்றி என்பதா, அரை வெற்றி என்பதா? ஷூமாக்கரோ 2006-ல் ஓய்வு பெற்றவர், 2010-ல் திரும்பி வந்து மூன்று வருஷம் ஒரு வெற்றியும் இல்லாமல் ஓட்டினார். அவருடைய சதவீதம் இறங்கியது. காலத்தில் ரிடையர் ஆனால் சர்வீஸ் ரிகார்டு கெடுவதில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியும். கிளார்க் விஷயம் வேறு. அவர் 1968 ஏப்ரலில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில், ஒரு ஃபார்முலா டூ பந்தயத்தில், 32 வயதில் உயிரிழந்தார். அந்த 35 சதவீதம் இறங்குமுகத்தைப் பார்க்கவே இல்லை. அதற்கு அவர் கொடுத்த விலையை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மதிப்பெண்களை வைத்து ஒப்பிடலாமே என்பீர்கள். முதலிடத்திற்கு 1950-ல் 8 புள்ளி, 1961-ல் 9, 1991-ல் 10, 2010 முதல் 25. அதோடு, ஒரு காலத்தில் சிறந்த சில பந்தயங்களை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். 1988-ல் ப்ராஸ்ட் மொத்தமாக எடுத்தது 105 புள்ளி, சென்னா 94. சாம்பியன் யார்? சென்னா! சிறந்த 11 மட்டும் என்ற விதியால் சென்னாவுக்கு 90, ப்ராஸ்டுக்கு 87. நம் குழந்தைகளுக்கு யாராவது இப்படி மார்க் போட்டால் ஸ்கூல் வாசலில் போய் நின்றிருப்போம்.

அடிப்படைச் சிக்கல் இனிமேல்தான் வருகிறது. பிராட்மனின் சராசரி 99.94 என்றால், அவர் கையில் இருந்ததும் மற்றவர்கள் கையில் இருந்ததும் ஏறக்குறைய ஒரே மாதிரி மட்டைதான். இங்கே மட்டையே பாதி ஆட்டம் ஆடிவிடுகிறது. அதே 1988-ல் 16 பந்தயங்களில் 15-ஐ மெக்லாரன் கார்களே ஜெயித்தன. மழை பெய்த ஜில்லாவின் கலெக்டரையும் வறண்ட ஜில்லாவின் கலெக்டரையும் நிலவரி வசூலை வைத்து ஒப்பிட முடியுமா?

நம் கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஃபார்முலா ஒன் கணக்கில் உள்ளவை 5 புள்ளிகள். அத்தனையும் ஒரே நாளில், 2005-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் வந்தவை. அன்று மிஷலின் டயர்கள் பத்திரமில்லை என்று 14 கார்கள் விலகிக்கொண்டன. ஓடியவை ஆறே ஆறு. நாராயண் நான்காவதாக வந்தார். இந்த 5-ஐ வைத்து அவரைப் புகழ்வதும் தப்பு, மற்ற பந்தயங்களில் விழுந்த பூஜ்யங்களை வைத்து இகழ்வதும் தப்பு. அவர் ஓட்டிய ஜோர்டன் கார் அந்த வருஷம் அவ்வளவுதான். அதே காரில் மான்டெய்ரோ என்ற போர்த்துகல்காரர் என்ன செய்தார் என்று பார்ப்பதுதான் நியாயம். அன்று அவர் மூன்றாவது.

புள்ளியியல்காரர்கள் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். ஒரே குழுவில், ஒரே காரில் இரண்டு பேர் ஓட்டினால், வித்தியாசம் பெரும்பாலும் மனிதனுடையது. ஓட்டுநர்கள் குழு மாறிக்கொண்டே இருப்பதால் இந்த ஒப்பீடுகளைச் சங்கிலியாகக் கோக்கலாம். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத இரண்டு பேர், "உங்க அத்திம்பேரோட தம்பி எங்க சித்தப்பாவுக்கு மாப்பிள்ளை" என்று பத்து நிமிஷத்தில் உறவாகிவிடுவதில்லையா? அதே முறை. சென்னாவும் ஹாமில்டனும் ஒருபோதும் ஒன்றாக ஓட்டியதில்லை. ஆனால் சென்னாவோடு 1993-ல் ஹாக்கினென், ஹாக்கினெனோடு கூல்தார்ட், கூல்தார்டோடு ரைக்கோனென், ரைக்கோனெனோடு 2014-ல் அலோன்சோ, அலோன்சோவோடு 2007-ல் ஹாமில்டன். ஐந்தே கண்ணிகள்.

கண்ணிகள் எல்லாம் ஒரே பலம் கொண்டவை அல்ல. சென்னா–ஹாக்கினென் கண்ணி வெறும் மூன்று பந்தயங்கள். 2007-ல் ஹாமில்டனும் அலோன்சோவும் ஆளுக்கு 109 புள்ளி, ஆளுக்கு நான்கு வெற்றி. இருவரையும் 110 எடுத்து முந்தியவர் ரைக்கோனென். இதிலிருந்து யார் மேல் என்று எப்படிச் சொல்வது?

இங்கிலாந்தில் ஆண்ட்ரூ பெல் என்பவரும் மூன்று சக ஆய்வாளர்களும் 1950 முதல் 2014 வரையிலான முடிவுகளை, ஓட்டுநரின் பங்கு, குழுவின் பங்கு என்று பிரித்துப் பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். முதலிடம் ஃபான்ஜியோ, இரண்டாவது ப்ராஸ்ட். ஷூமாக்கர் சற்றுக் கீழே. 2006 வரை மட்டும் எடுத்தால் கணிசமாக மேலே ஏறுகிறார். என்னை உட்கார வைத்த எண் வேறு ஒன்று. ஓட்டுநர், குழு இரண்டாலும் வரும் ஏற்றத்தாழ்வில் சுமார் 86 சதவீதம் குழுவினுடையதாம். மனிதனுக்கு 14. மழையிலும், ஊருக்குள் வளைந்து வளைந்து போகும் தெருப் பாதைகளிலும் மட்டும் குழுவின் பங்கு சற்றுக் குறைகிறது. பிள்ளைகளின் ராங்க்கைச் சொல்லிப் பூரிக்கும் நாம் இந்த 86-ஐ வீட்டுக்கு எடுத்துப் போய் யோசிக்கலாம்.

2020-ல் அமேசான் நிறுவனத்தின் கணினிப் பிரிவு ஃபார்முலா ஒன்னோடு சேர்ந்து இன்னொரு பட்டியல் போட்டது. 1983-க்குப் பிந்தைய தகுதிச் சுற்றுகளில், ஒரே குழுவின் ஓட்டுநர்கள் எடுத்த நேரங்களின் ஒப்பீடு. முதலிடம் சென்னா, அடுத்து ஷூமாக்கர், ஹாமில்டன். எட்டாவதாகக் கோவலைனென், பத்தாவதாக நான்கு முறை சாம்பியனான வெட்டல்! முன்னதில் இரண்டாவதாக வந்த ப்ராஸ்ட் இதில் முதல் பத்திலேயே இல்லை. இரண்டும் பொய்யில்லை. ஒன்று ஒரே ஒரு சுற்றின் வேகத்தை அளக்கிறது, மற்றது பந்தயத்தை எந்த இடத்தில் முடித்தார் என்பதை. டயரையும் பெட்ரோலையும் சிக்கனமாக வைத்துக் கடைசியில் முன்னே வரும் ப்ராஸ்டுக்கு 'புரொஃபஸர்' என்றே பட்டப்பெயர். தகுதிச் சுற்றில் அவர் சமர்த்து எங்கே தெரியும்?

என் ஓட்டு யாருக்கு என்று கேட்பீர்கள். ஃபான்ஜியோவுக்குத்தான். ஐந்து பட்டங்களை ஆல்ஃபா ரோமியோ, மெர்சிடிஸ், ஃபெராரி, மாசராட்டி என்று நான்கு வெவ்வேறு கார்களில் வாங்கியவர்; கடைசிப் பட்டம் வாங்கும்போது வயது 46. நல்ல காரைத் தேடிப் போவதில் கெட்டிக்காரர் என்று ஒரு விமர்சனம் உண்டு. இருக்கட்டும், அதே காரில் கூட ஓட்டியவர்களையும் அவர் முந்தினாரே.

1955-ல் மெர்சிடிஸில் அப்படிக் கூட ஓட்டியவர்களில் ஒருவர் ஸ்டெர்லிங் மாஸ். 16 வெற்றி, பட்டம் ஒன்றுகூட இல்லை. 1958-ல் போர்த்துகலில் மாஸ் முதலாவது, மைக் ஹாதார்ன் இரண்டாவது. காரை எதிர்த்திசையில் செலுத்தினார் என்று ஹாதார்னின் இடத்தைப் பறிக்க இருந்தபோது, அவருக்காக அதிகாரிகளிடம் போய்ச் சாட்சி சொன்னவர் மாஸ். ஹாதார்னின் 7 புள்ளிகள் நிலைத்தன. வருஷக் கடைசியில் ஹாதார்ன் ஒரு வெற்றியோடு 42, மாஸ் நான்கு வெற்றியோடு 41. சாம்பியன் பட்டியலில் இருப்பது ஹாதார்ன் பெயர்.