சரித்திரப் பரீட்சையும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நம் சங்கத்தில் கல்வியைக் குறித்துப் பேசும்போதெல்லாம் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமுமே முன்னிற்கின்றன. அவற்றிற்கு டியூஷன் வைக்கப் பொருள் செலவிடத் தயங்காத நாம், சரித்திரத்தை மட்டும் கடைசி வாரத்தில் உருப்போட்டு ஒப்பித்துவிடலாம் என்று விட்டுவிடுகிறோம். இவ்வெண்ணம் நம் பிள்ளைகளுக்குத் தீங்கு விளைப்பதாகும். அத்தீங்கு யாது, அதனைப் போக்கும் வழி யாது என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சரித்திரம், பூகோளம், குடிமையியல், பொருளாதாரம் ஆகிய நான்கும் சமூக அறிவியல் என்னும் ஒரே தாளில் அடங்கும். அத்தாளுக்கு 100 மதிப்பெண். தேர்ச்சி பெற 35 வேண்டும். ஏனைய பாடங்களில் எல்லாம் தேறிய பிள்ளை இவ்வொன்றில் தவறினாலும் தேறாதவர் கணக்கிலேயே சேர்கிறது. துணைத் தேர்வு எழுத வழியுண்டு என்பது மெய்யே. ஆயினும் அந்த இடைவெளியில்தான் பையனைக் கடைக்கு அனுப்பும் எண்ணமும், பெண்ணுக்குக் கலியாணம் பேசும் எண்ணமும் வீட்டில் தலைதூக்குகின்றன என்பதை நாம் அனைவரும் அறிவோம். அன்றியும், பத்தாம் வகுப்பையே தகுதியாகக் கொண்டு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் நான்காம் தொகுதித் தேர்விலும் தேசிய இயக்கமும் தமிழ்நாட்டு வரலாறும் மீண்டும் வந்து நிற்கின்றன. ஆதலின் பள்ளியில் ஒதுக்கிய சரித்திரம் பிற்காலத்தில் பிழைப்பிற்கும் தடையாகக் கூடும்.

2019-ஆம் ஆண்டில் வெளிவந்த பத்தாம் வகுப்புப் பாடநூலில் சரித்திரப் பாடங்கள் பத்து. முதல் உலகப்போர் தொடங்கித் தமிழ்நாட்டின் சமூக மாற்றங்கள் வரை அவை செல்கின்றன. இவற்றைத் தனித்தனி ஆண்டுகளாக விழுங்க முயலும் பிள்ளைக்கு ஒரு வாரத்தில் எல்லாம் குழம்பிவிடும். காரணத்தையும் விளைவையும் சங்கிலிபோல் கோத்துப் படிக்கும் பிள்ளைக்கோ, ஒரு கண்ணியைப் பிடித்தால் அடுத்தது தானே வரும்.

வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொள்வோம். “1806, ஜூலை 10” என்று மட்டும் மனனம் செய்வதால் ஒரு மதிப்பெண் கிடைக்கலாம். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அவர் மைந்தர்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். அதே ஆண்டில் கட்டபொம்மனும், 1801-இல் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். பாளையங்களின் அதிகாரம் ஒழிந்தது. இந்நிலையில் சிப்பாய்கள் நெற்றிக்குறியும் காதணியும் அணியலாகாது, புதுவகைத் தலைப்பாகை தரிக்க வேண்டும் என்று கட்டளை பிறந்தது. இவ்வாறு வரிசைப்படுத்தி அறிந்த பிள்ளை, காரணம் கேட்டாலும் விளைவு கேட்டாலும், வினாவை எப்படித் திருப்பிக் கேட்டாலும் கலங்காது எழுதும். ஆண்டு என்பது சங்கிலியை மாட்டும் ஆணி. ஆணியையே சங்கிலி என்று மயங்கலாகாது.

இரண்டாவதாக, படிக்கும் முறை. கைடு என்னும் வினாவிடைப் புத்தகத்தை நாலைந்து முறை வாய்விட்டு வாசித்தால் பாடம் வந்துவிட்டதாகத் தோன்றும், அத்தோற்றம் நிலைப்பதன்று. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர்களாகிய ரோடிகரும் கார்ப்பிக்கும் இதனைச் சோதித்து வெளியிட்டனர். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகவே சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் சென்றபின், புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே அவர்களினும் மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். ஆகவே நம் பிள்ளைகள் ஒருமுறை வாசித்தபின் நூலை மூடிவைத்து, நினைவில் நின்றதை வெற்றுத்தாளில் எழுதி, பின்பு நூலோடு ஒத்துப்பார்த்து விடுபட்டதை நிரப்புவார்களாக. மறுநாளும், அடுத்த வாரமும் அவ்வாறே செய்வார்களாக. எழுத்தறியாத தாயும் இதற்கு உதவலாம். “இன்று படித்த கதையைச் சொல், கேட்போம்” என்று அடுப்படியில் அமர்த்திக் கேட்டாலே போதும்.

மூன்றாவதாக, கடிகாரப் பழக்கம். மூன்று மணி நேரத்தில் 100 மதிப்பெண்ணுக்கு எழுதவேண்டுமாயின், ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடமும் முழுதாக இல்லை. எட்டு மதிப்பெண் வினாவிற்கு ஏறக்குறைய பதினான்கு நிமிடமே. தெரிந்த ஒன்றையே பக்கம் பக்கமாக எழுதி, கடைசி வினாவைத் தொடாது வரும் பிள்ளைகள் பலர். பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு நேரம் குறித்து எழுதிப் பழகினால் இக்குறை நீங்கும். நெடுவினாவிற்குக் காரணம், நிகழ்ச்சி, விளைவு எனச் சிறு தலைப்பிட்டு எழுதினால், திருத்துவோர்க்கும் விடை தெளிவாக விளங்கும்.

இனி, சங்கத்தாராகிய நாம் சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. நம் கூட்டங்களில் முன்னோர் பெருமையை விரித்துரைப்பது வழக்கம். “நம்மவர் நாடாண்டவர்” என்று நாம் சொல்லும்போது, “எந்தக் கல்வெட்டில் உள்ளது? எந்தச் செப்பேடு சொல்லுகிறது?” என்று ஒரு சிறுவன் வினவினால், அவன்மேல் சினம் கொள்ளலாகாது. அவ்வினாவே சரித்திரக் கல்வியின் முதற்படி. ஆதாரம் கேட்கும் வாயை வீட்டில் அடைத்துவிட்டு, பரீட்சையில் அவன் சிந்தித்து எழுதவேண்டும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

பரீட்சை என்பதே சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் என்பதையும் மறவாதிருப்போம். சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியில், எல்லா வகுப்பினரும் அரசுப் பணியில் இடம்பெறும்பொருட்டு 1924-இல் பணியாளர் தேர்வு வாரியம் அமைந்தது. 1929-இல் பொதுப்பணித் தேர்வாணையம் தோன்றியது. பெரிய மனிதரைக் கண்டு கைகட்டி நின்று வேலை பெற்ற காலம் போய், தேர்வெழுதி வேலை பெறும் காலம் வந்தது இத்தகைய முயற்சிகளினால்தான். அவ்வழியைப் பிறர் நமக்குத் திறந்துவைத்தனர். நடக்கவேண்டியது நம் பிள்ளைகளின் கால்.

ஆதலின் நாம் வேண்டிக்கொள்வன மூன்று. சங்க மண்டபத்தைத் தேர்வுக்கு முந்திய மூன்று மாதங்களில் மாலைதோறும் இரண்டு மணி நேரம் படிப்பிற்கென ஒதுக்குவோம். தெருவிலுள்ள பிற வகுப்புப் பிள்ளைகளும் வந்தமரட்டும், சரித்திரம் ஒரு சாதியாரின் சொத்தன்று. ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்கள் வாரத்தில் ஒருநாளேனும் வந்து விடைத்தாள் திருத்தித் தருவார்களாக. அந்த மூன்று மாதமும் பெண்பிள்ளைகளைத் தண்ணீர்க் குடத்தினின்றும் பாத்திரத்தினின்றும் விடுவித்து, அண்ணன் தம்பியரைப்போல் அவர்களையும் புத்தகத்தின்முன் அமரச் செய்வோமாக.

இவ்வளவும் செய்தால், தேர்ச்சி பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகும். அதனினும் மேலாக, நாளை இம்மேடையில் நின்று பேசுவோர், தாம் சொல்லுவதற்கு ஆதாரம் காட்டிப் பேசுவோராய் இருப்பர்.