நிமிர்ந்து நின்று கணக்கெடுப்போம்

 

பதுளை நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது; பண்டாரவளையோ ஏறத்தாழ 1,230 மீற்றர். மனைவியைப் பின்னே அமர்த்தி அவ்வேற்றத்தில் செல்லும் மோட்டார் சைக்கிளில் ஒயில் வற்றினால் எஞ்சின் இறுகும். சக்கரம் திடீரெனச் சுழலாது நின்றுவிடவும் கூடும்.

நெடும்பயணத்துக்கான பாரமான மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் ஒயில் மட்டத்தைக் காட்டும் சிறு கண்ணாடி உண்டு. எஞ்சினைச் சற்று இயக்கி நிறுத்தி, சில நிமிடங்கள் பொறுத்து, சமதரையில் வண்டியை நிமிர்த்திப் பிடித்தே அதனைப் பார்த்தல் வேண்டும். ஒயில் மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் நிற்க வேண்டும். சைட் ஸ்டாண்டில் சாய்த்தோ, தோட்டப் பாதையின் சரிவில் நிறுத்தியோ பார்த்தால் ஒயில் ஒருபுறம் ஒதுங்கிவிடும். கண்ணாடி காட்டுவது பொய்யாகும்.

சகோதரர்களே! நம் அமல்களின் கணக்கும் அத்தகையதே. மறுமைக்கென முற்படுத்தியதை ஒவ்வொருவரும் நோக்க வேண்டுமென அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 18ஆம் வசனம் பணிக்கின்றது. மனோஇச்சையின் பக்கம் சாய்ந்து நின்று நோக்குபவனுக்குத் தன் குறை நிறைவாகவே தோன்றும். நீதியில் நிமிர்ந்து நிற்பவனே குறையைக் கண்டு, தௌபாச் செய்து, பிறருக்குரிய ஹக்கையும் மீளக் கொடுப்பான்.

வண்டி ஓர் அமானிதம்; பின்னே அமர்ந்திருக்கும் உயிர் அதனினும் பெரிய அமானிதம். புறப்படுமுன் ஒயிலையும் பாருங்கள், உள்ளத்தையும் பாருங்கள். அல்லாஹு தஆலா நம் பயணங்கள் அனைத்தையும் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.