நோட்டில் இருக்கும் சமாதானம்

(மும்பை, தாராவிக் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. புருஷன் பெண்சாதி தகராறு என்று யார் வந்தாலும், இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி, கையெழுத்து வாங்கி, கீழே "சமாதானம்" என்று எழுதி முடிக்கிற நோட்டு. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தங்கை வந்தாள். நெற்றியில் கட்டு. "குடிச்சிட்டு அடிக்கிறாரு அண்ணே, இனி அங்க போகமாட்டேன்" என்றாள். ஐந்து ஆண்கள் கூடி உட்கார்ந்தோம். இனிமேல் அடிக்கமாட்டேன் என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு அவனோடேயே அனுப்பி வைத்தோம். மூன்றாம் வாரம் அவள் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நோட்டில் சாட்சிக் கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது.

இத்தனைக்கும் அப்போதே இந்த நகரத்தில் வேறு வழி இருந்தது. 1984-லேயே டாடா சமூக விஞ்ஞானக் கழகத்தார் மும்பை போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 'ஸ்பெஷல் செல்' என்ற தனிப் பிரிவைத் தொடங்கினார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் போலீஸார் அல்லர். பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள். பின் ஏன் போலீஸ் கட்டடத்துக்குள்? சங்கம் கூப்பிட்டால் வராத புருஷன், போலீஸ் கட்டடத்திலிருந்து ஆள் வந்தால் வருவான். அந்தப் பெண்ணுக்கோ, லத்தி இல்லாத ஒருவர் எதிரில் உட்கார்ந்து முழுக்கதையையும் கேட்பார். பின்னாளில் இது மகாராஷ்டிரம் முழுவதும் பரவியது. தமிழ்நாட்டில் 1992-இல் வந்த அனைத்து மகளிர் காவல் நிலையத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது போலீஸ் நிலையம். இங்கே காசு வாங்காமல் துணை நிற்கிறார்கள்.

துணை எதற்கு என்கிறீர்களா? இந்தியோ மராத்தியோ பேசத் தெரியாத பெண் தனியாக ஸ்டேஷனுக்குப் போனால், என்.சி. என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வழக்குப் பதிவாகிவிட்டது என்று அவள் நம்பிக்கொண்டிருப்பாள். மாஜிஸ்டிரேட் உத்தரவு இல்லாமல் அந்தச் சீட்டின் மேல் போலீஸ் விசாரணையே செய்யாது!

"ரூம் அவர் பேரில் இருக்கிறது, எங்கே போவேன்?" இதுதான் நம் பெண்கள் எல்லோரும் கேட்பது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, ரூம் யார் பேரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து மனைவியைச் சட்டப்படியல்லாமல் வெளியேற்ற முடியாது. பாதுகாப்பு உத்தரவை அவன் மீறினால் ஓராண்டு வரை சிறை. விசாரணையை 60 நாளில் முடிக்க முயலவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கோர்ட்டில் வாய்தாமேல் வாய்தாதான். உள்ளதைச் சொல்கிறேன், ஏமாற்றக் கூடாது.

அடி தாங்காமல் ஊருக்கு ரயில் ஏறிவிட்டவர்கள் மும்பைக்குத் திரும்பி வந்துதான் புகார் கொடுக்கவேண்டும் என்பதில்லை. அடைக்கலம் புகுந்த ஊரிலேயே கொடுமை வழக்குத் தொடுக்கலாம் என்று 2019-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. திருநெல்வேலியில் தாய்வீட்டில் இருந்தபடியே கொடுக்கலாம்.

"குடும்ப மானம் போலீஸ் வாசலுக்குப் போவதா?" என்று பின் வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுக்கிறார். ஐயா, ஆஸ்பத்திரி வாசலுக்கு அது எப்போதோ போய்விட்டது.

ஆகவே ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். அடிபட்டு வருகிற பெண்ணை அந்த நோட்டில் இனி ஏற்றக்கூடாது. மராத்தி தெரிந்த நம் பெண்கள் இருவர் அன்றைக்கே அவளோடு செல்லுக்குப் போகவேண்டும். போக்குவரத்துச் செலவு சங்க நிதியிலிருந்து. முதல் பெயராக என் மனைவியின் பெயரைக் கொடுக்கிறேன். அவளைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். இரண்டாவது பெயர் யார் கொடுக்கிறீர்கள்?