தரம் ஏட்டிலா, செயலிலா?

(கொல்கத்தாவில் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவதே மரபு. ஆயினும் நம்முள் பலர் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோர். ஆதலின் தொழில் பற்றிய ஒரு பொருளைப் பேச இசைந்த சங்கத்தாருக்கு என் நன்றி. தரநிலை ஒன்று திருத்தப்படும்போது ஒரு நிறுவனம் தன்னை எங்ஙனம் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஐ.எஸ்.ஓ. 9001 என்னும் தர மேலாண்மைத் தரநிலை முதன்முதலில் 1987-ல் வெளிவந்தது. பின்னர் 1994, 2000, 2008, 2015 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்றது. 2015 செப்டம்பரில் வெளியான பதிப்புக்கு மாறிக்கொள்ள மூன்றாண்டுத் தவணை அளிக்கப்பட்டது. அத்தவணைக்குள் சில நிறுவனங்கள் செய்தது யாது? பழைய கையேட்டின் எட்டுப் பிரிவுகளைப் பத்தாக்கி, எண்களை மாற்றி, அட்டையில் புதிய ஆண்டை அச்சிட்டன. பட்டறையில் வேலை முன்போலவே நடந்தது. இதனை மாற்றம் என்று எவ்வாறு கூறுவது?

அத்திருத்தத்தின் உட்பொருளைக் காண்போம். 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு தரக் கையேட்டையும், எழுதிவைத்த ஆறு செயல்முறைகளையும் கட்டாயமாகக் கேட்டது. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு அவ்விரு கட்டாயங்களையும் நீக்கியது. ஏடுகளையெல்லாம் எறிந்துவிடலாம் என்பது இதன் பொருளன்று. தரக் கொள்கையும் குறிக்கோள்களும் சோதனைப் பதிவுகளும் எழுத்தில் இருந்தே தீர வேண்டும். எஞ்சியவற்றுள் தன் வேலைக்கு எது தேவை என்று நிறுவனமே சிந்தித்து முடிவு செய்ய வேண்டும். சிந்திப்பது எழுதுவதினும் கடினமன்றோ!

ஹூக்ளியின் அக்கரையில், ஹௌராவில், வார்ப்படச் சாலைகள் பல உள. அத்தகைய சாலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அச்சு மணலில் ஈரம் மிகுந்தால் வார்ப்பில் துளை விழும். பிழை நேருமுன் தடுக்கும் நடவடிக்கையைப் பழைய பதிப்பு தனிப்பிரிவாக வைத்திருந்தது. பலர் அதற்கெனப் படிவம் ஒன்றை நிரப்பி அமைந்தனர். புதிய பதிப்பு அப்பிரிவை நீக்கி, இடரை எண்ணிப் பார்ப்பதைத் திட்டமிடுதலோடு பிணைத்தது. மழைக்காலம் தொடங்குமுன்பே மணலை எங்கே காப்பது, ஈரத்தை எத்தனை முறை அளப்பது என்று முடிவு செய்வதே அதன் நோக்கம். தட்பவெப்ப மாற்றம் தமக்குப் பொருந்துமா என்பதையும் ஆராய வேண்டும் என 2024-ல் ஒரு திருத்தம் சேர்ந்தது. பெருமழை கண்ட நம்மூருக்கு இது புறம்பான செய்தியன்று.

அச்சாலையிலேயே ஒரு பிடி மணலைக் கையில் இறுக்கிப் பார்த்து ஈரம் சொல்லும் முதிய தொழிலாளி ஒருவர் இருப்பார். அவர் ஓய்வு பெறும் நாளில் மாலையிட்டு அனுப்புவோம். மறுநாள் முதல் வார்ப்புகள் பழுதாகும். நிறுவனத்தின் அறிவைப் பேணுக என்று 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு புதிதாகக் கேட்டது இதற்காகவே. அவர் இருக்கும்போதே இளைஞர் இருவரை அவரருகில் நிறுத்திப் பழக்க வேண்டும். அவர் கையறிந்த ஈரத்தைக் கருவியால் அளந்து குறித்துவைக்க வேண்டும். தணிக்கையாளருக்குக் காட்டுவதற்காக அன்று, நாளைய உலைக்காக.

இன்னொன்று. நிர்வாகப் பிரதிநிதி என ஒருவரை நியமித்துத் தரத்தின் சுமையெல்லாம் அவர் தலையில் ஏற்றுவது பழைய வழக்கம். அப்பதவியைப் புதிய பதிப்பு கட்டாயமாக்கவில்லை. தர அமைப்பின் பயனுக்குத் தலைமையே பொறுப்பு என்றது. ஆகவே மாற்றத்தை மேற்கொள்ளும் முதலாளி முதலில் கோப்பறைக்குச் செல்லாது பட்டறைக்குச் செல்க. எவ்விடத்தில் பிழை நேர்கிறது, எவர் அறிவார் என்று கேட்க. கையேட்டைத் திருத்துவது அதன் பின்னர்.

தரநிலைகள் மேலும் திருத்தம் பெறும். வேலையைத் திருத்தியவர்க்கு ஏட்டைத் திருத்துவது எளிது; ஏட்டை மட்டும் திருத்தியவர் ஒவ்வொரு முறையும் அச்சத்தோடு தணிக்கையாளரை எதிர்நோக்குவர். நம் இளைஞர்கள் தாம் பணிபுரியும் இடங்களில் முன்னவராய் விளங்குக என வேண்டி அமைகிறேன்.