வாக்குறுதியும் கையிருப்பும்



வீட்டிலே நகைப்பெட்டி ஒன்று இருக்கின்றது. அதில் இருக்கவேண்டிய நகைகளின் பட்டியலும் உடன் இருக்கின்றது. ஒருநாள் எண்ணிப் பார்க்கையில் காப்பொன்றைக் காணவில்லை. களவு போயிற்றோ எனத் திகைக்கின்றோம். பெட்டியின் அடியில், அந்தக் காப்பு வங்கிப் பெட்டகத்திலே வைக்கப்பட்டுள்ளது என்னும் பற்றுச்சீட்டு அகப்படுகின்றது. மனம் ஆறுதலடைகின்றது. எனினும், நம் கையில் இருப்பது காப்பன்று. ஒரு துண்டுக் கடதாசியே. இச்சிறு வேறுபாடு கணினித் துறையில் எத்துணைப் பெரிய விளைவுகளைத் தரவல்லது என்பதை இன்று உங்களுடன் சிந்திக்க விழைகின்றேன்.

கணினிக்கு நிரல் எழுதுவோர், எழுதியதை நாள்தோறும் திருத்திக்கொண்டே இருப்பர். யார், எப்பொழுது, எதனை மாற்றினர் என்னும் வரலாறு முழுவதையும் பேணிக் காக்கும் ஏற்பாட்டினைப் பதிப்புக் கட்டுப்பாட்டு முறை என்பர். அவற்றுள் இன்று பெருவழக்காய் உள்ளது 'கிட்' என்பதாகும். லினக்ஸ் இயங்குதளத்தை ஆக்கியோர் அதுவரை பயன்படுத்திவந்த மென்பொருளை இலவசமாகப் பெறும் சலுகை நீங்கியதன் விளைவாக, 2005ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் இதனை எழுதத் தொடங்கினார்.

கிட் முறையின் உயிர்நாடி அதன் பெயரிடும் வழக்கமே. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் அது ஒரு கணிதச் சூத்திரத்தில் இட்டு, எண்களும் எழுத்துக்களுமாக 40 குறிகள் கொண்ட ஒரு பெயரைப் பெறுகின்றது. உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினும் பெயர் முற்றாக வேறுபடும். கோப்புகளின் பெயர்கள் அடங்கிய பட்டியலுக்கும் அவ்வாறே ஒரு பெயர். அப்பட்டியலையும் முந்திய பதிவையும் சுட்டும் புதிய பதிவுக்கும் ஒரு பெயர். ஆகவே இறுதிப் பதிவின் பெயர் ஒன்றே, அதற்கு முற்பட்ட வரலாறு அனைத்துக்கும் முத்திரையாக அமைகின்றது. இப்பெயர்களை ஆக்கும் ஷா-1 என்னும் சூத்திரத்தை ஏமாற்றி, வேறுபட்ட இரு கோப்புகளுக்கு ஒரே பெயர் வருமாறு செய்யலாம் என்பது 2017இல் மெய்ப்பிக்கப்பட்டது. அதன்பின் கிட் அத்தகைய வஞ்சகத்தைக் கண்டறியும் காப்பினைச் சேர்த்துக்கொண்டது. வலிமை மிக்க ஷா-256 சூத்திரத்துக்கும் 2020இல் இடமளித்தது.

இனிச் சோதனைக்கு வருவோம். கிட் முறையில் 'எப்.எஸ்.சி.கே.' என்றொரு கட்டளை உண்டு. அது களஞ்சியத்திலுள்ள ஒவ்வொரு பொருளையும் எடுத்து, பெயரை மீண்டும் கணித்து ஒப்பிடும். ஒவ்வொன்றும் சுட்டுகின்ற ஏனைய பொருள்கள் உள்ளனவா என்றும் தேடும். முன்னையது பழுதைக் காட்டும்; பின்னையது இழப்பைக் காட்டும். முழுப்படி ஒன்றை வைத்திருப்பவருக்கு இவ்விரண்டும் ஐயத்துக்கு இடமின்றிக் கிடைக்கும் விடைகளாகும்.

ஆனால் களஞ்சியங்கள் பெருத்துவிட்டன. மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் நிரல்களை 2017இல் கிட் முறைக்குக் கொணர்ந்தபோது அக்களஞ்சியம் ஏறத்தாழ 300 கிகாபைட் அளவினதாயும், 35 இலட்சம் கோப்புகள் கொண்டதாயும் இருந்தது. இதனை முழுமையாக இறக்கிக்கொள்ளப் பல மணி நேரம் செல்லும். ஒருவர் நாளாந்தம் தொடுவதோ அதில் மிகச் சிறு பகுதியே. ஆதலின் 2018ஆம் ஆண்டளவில் பகுதிப்படி என்னும் வசதி கிட் முறையில் இடம்பெற்றது. வரலாற்றின் பட்டியல்களை மட்டும் முதலில் பெற்று, கோப்புகளின் உள்ளடக்கத்தை வேண்டும்போது வழங்கியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. பகுதிப்படியில் எண்ணற்ற பொருள்கள் இல்லாதிருப்பதே இயல்பு. அவை யாவும் இழப்பு என்று சோதனை கூக்குரலிடுமாயின் அச்சோதனையால் பயனில்லை. ஆகவே கிட் ஓர் ஏற்பாடு செய்தது. வழங்கியிடமிருந்து வந்த பொதி ஒவ்வொன்றின் அருகிலும் 'பிராமிசர்', அதாவது வாக்களித்தவர், என்னும் அடையாளக் கோப்பு ஒன்று வைக்கப்படும். அப்பொதியிலுள்ள பொருள்கள் சுட்டுகின்றவை நம்மிடம் இல்லாவிடினும், அவற்றைத் தருவதாக வழங்கி வாக்களித்துள்ளது என்று கொள்ளப்படும். சோதனை அவற்றைக் குற்றமாகக் கூறாது கடந்து செல்லும். நாமே புதிதாக எழுதி, இன்னும் அனுப்பாத பதிவுகளுக்கு இத்தகைய வாக்குறுதி இல்லை. அவற்றுக்குரிய புதிய பொருள் காணாமற்போனால் அது இழப்பென்றே அறிவிக்கப்படும். நகைப்பெட்டியிற் கண்ட பற்றுச்சீட்டின் நியாயமே இது.

இந்நியாயம் பிழையற்றது, ஆயினும் அதன் எல்லையை நாம் உணர்தல் வேண்டும். நேற்று நம் வட்டில் இருந்த ஒரு கோப்பின் உள்ளடக்கம் இன்று வட்டுக் கோளாறினால் மறைந்துவிட்டது என வைத்துக்கொள்வோம். வாக்களிக்கப்பட்ட பொருளாயின் சோதனை அதனையும் பேசாது கடந்துவிடும். ஒருபோதும் இறக்காததும், இறக்கிய பின் இழந்ததும் அதன் கண்ணுக்கு ஒன்றே. மேலும், சோதனை நடைபெறும்போது அது வழங்கியை அழைத்து, வாக்களித்த பொருள் இன்னும் உன்னிடம் உண்டா என்று வினவுவதுமில்லை.

இதனால் பகுதிப்படியின் உண்மைத்தன்மை குறைந்ததென்று எவரும் கருதவேண்டியதில்லை. பின்னாளில் ஒரு பொருள் வந்துசேரும்போது, அதன் பெயர் வந்த உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்படுகின்றது. போலியை அனுப்பினால் பெயர் பொருந்தாது. குறைவது உண்மை அன்று, கையிருப்பே. உள்ளது பழுதற்றது என்பதும், வேண்டியது யாவும் உள்ளது என்பதும் இரு வேறு கூற்றுக்கள்.

வழங்கியை நம்பியிருத்தல் ஆபத்தாகுமோ என்று கேட்பீர்கள். 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கே.டி.இ. என்னும் கட்டற்ற மென்பொருட் சமூகத்தின் தலைமை வழங்கி, பாதுகாப்புப் புதுப்பிப்புக்காக நிறுத்தப்பட்டு மீண்டும் இயங்கியபோது, அதன் கோப்பு முறைமை பழுதுற்றிருந்தது. பகுதிப்படி என்பது தோன்றாத காலம் அது. ஏறத்தாழ 1500 களஞ்சியங்கள் அங்கே இருந்தன. உலகின் பல பாகங்களில் இருந்த படிகள், தலைமை வழங்கி எப்பொழுதும் சரியானதே என்ற நம்பிக்கையில், பழுதையும் அப்படியே பின்பற்றின. பழுதுறாத படி ஒன்று வேறொரு கணினியிலே தற்செயலாக எஞ்சியிருந்தமையாலேயே ஆண்டுக்கணக்கான உழைப்புத் தப்பியது. முழுப்படிகளுக்கே இந்நிலை எனின், பட்டியல் மட்டும் வைத்திருப்போரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே செய்யத்தக்கன சில. நாளாந்த வேலைக்குப் பகுதிப்படியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதனைக் காப்புப்படி என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும், தலைமை வழங்கிக்குப் புறம்பான ஓரிடத்தில், முழுப்படி ஒன்றேனும் இருத்தல் வேண்டும். அது காலந்தோறும் சோதிக்கப்படவும் வேண்டும். நம்மிடம் இல்லாத பொருள்கள் எவை என அறிய விரும்பினால், 'ரெவ்-லிஸ்ட்' என்னும் கட்டளை, உரியவாறு பணிக்கப்படின், அவற்றை வினாக்குறியிட்டுப் பட்டியலிடும். விடுபட்ட உள்ளடக்கங்களை மொத்தமாகப் பெற்றுக்கொள்ள 'பேக்பில்' என்னும் கட்டளையும் 2025இல் சேர்க்கப்பட்டது. வழங்கி ஒன்றை மூடப்போகின்றார்கள் என்று கேள்வியுற்றால், அன்றே முழுப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய பின் வாக்குறுதியை நிறைவேற்ற அங்கே எவருமிரார்.

பெட்டியைத் திறந்து எண்ணுபவர், நகை எத்தனை, சீட்டு எத்தனை என்று வெவ்வேறாக எண்ணவேண்டும். குறை யாதுமில்லை என்று கணினி கூறும்போது, எதனைப் பார்த்துக் கூறியது என்று கேட்பதே அறிவுடைமை.