மூச்சுக்கும் முதலாளியா?



2021 மே 10 இரவு. அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதியில், ருயா அரசு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது. தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய டேங்கர் லாரி வரத் தாமதமாயிற்று. அரசுக் கணக்கிலேயே 11 பேர் மாண்டார்கள்.

லாரி ஓட்டிய தொழிலாளியையா குறை சொல்வது? அத்தனை நோயாளிகளின் மூச்சையும் ஒரு லாரியின் சக்கரத்தில் கட்டிவைத்தார்களே, அந்த ஏற்பாட்டைக் கேளுங்கள்!

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அதை யாரும் விலைக்கு வாங்கவில்லை. ஆனால் அதைக் குளிரவைத்து, மைனஸ் 183 டிகிரியில் திரவமாக்கி விற்கும் வியாபாரம், உலகெங்கும் லிண்டே, ஏர் லிக்விட், ஏர் புராடக்ட்ஸ் போன்ற சில பன்னாட்டுக் கம்பெனிகளின் பிடியில். 2018இல் லிண்டேயும் அமெரிக்காவின் பிராக்ஸேரும் ஒன்றாயின. பிடி மேலும் இறுகியது. உருக்காலைக்குப் பக்கத்திலேயே பிளாண்ட் போட்டுக் குழாய் வழியே கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியோ லாரிக்குக் காத்திருந்தது!

அந்த ஆண்டிலேயே, காற்றிலிருந்து அங்கேயே ஆக்சிஜன் பிரிக்கும் 1,000-க்கும் மேற்பட்ட பிளாண்டுகள் நாடெங்கும் ஆஸ்பத்திரிகளில் அமைந்தன. முடியும் என்று தெரிந்துவிட்டதல்லவா? அவை பூட்டிக் கிடக்காமல் ஓட நிரந்தரத் தொழிலாளர் வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும் என்று கேட்போம். பிழைப்புத் தேடி எல்லை தாண்டிய நமக்கு அரசு ஆஸ்பத்திரிதானே கதி!