நடுங்கும் நிலமும் நாம் குறிக்கும் திசையும்

 

இவ்வெள்ளிவிழா மேடையில் சங்கத்தின் வளர்ச்சியைப் பற்றிப் பேச நம்மினும் தகுதியுடையோர் பலர் உளர். நமக்கு இடப்பட்ட பணி, அறிவியல் குறித்துச் சில சொற்கள் கூறுவது. ஆதலின், சங்கத்தின் மாலைநேரப் பள்ளியில் நடந்த ஒரு சோதனையையே பொருளாக எடுத்துக்கொள்கிறோம்.

நில அதிர்வு தமிழகத்திற்குப் புதிதன்று. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் எழுந்த நிலநடுக்கம் தென்னகத்தின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் எழுந்த அதிர்வு சென்னையையும் குலுக்கியது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் வேலூர்ப் பகுதியில் சிறு அதிர்வுகள் தொடர்ந்து நிகழ்ந்தன. இத்தகைய அதிர்வு எத்திசையிலிருந்து வந்தது என அறியும் வேட்கை மிகப் பழையது. கி.பி. 132இல் சீனத்து அறிஞர் சாங் ஹெங் செய்த கருவியில், எட்டுத் திசை நோக்கி எட்டு டிராகன் தலைகள் இருந்தன. நிலம் நடுங்கினால் ஒரு டிராகனின் வாயிலிருந்து குண்டு விழுந்து திசை காட்டும் என்பர்.

இன்றைய உணர்கருவியின் உள்ளே ஒரு காந்தமும், சுருள்வில்லில் தொங்கும் ஒரு கம்பிச்சுருளும் உள்ளன. நிலம் அசையும்போது காந்தம் உடன் அசைகிறது. கம்பிச்சுருள் அசைய மறுத்துப் பின்தங்குகிறது. அவ்வேறுபாட்டால் பிறக்கும் மின்னோட்டமே பதிவாகிறது. ஆயின் ஓர் உணர்கருவி தன் அச்சின் வழியே நிகழும் அசைவை மட்டுமே அறியும். ஆகவேதான் மேல்கீழாக ஒன்று, வடக்குத்தெற்காக ஒன்று, கிழக்குமேற்காக ஒன்று என மூன்றினை வைக்கின்றனர். மேல்கீழ் அசைவுக்கெனச் செய்ததைப் படுக்கவைத்தால், சுருள்வில்லின் சமநிலை கெட்டுக் கருவி பயனற்றுப் போகும்.

அருகில் எழும் அதிர்வின் முதல் அலை, பெரும்பாலும் கீழிருந்து செங்குத்தாக ஏறி வருவதால் மேல்கீழ்க் கருவியில் தெளிவாகத் தோன்றும். பின்வரும் இரண்டாம் அலை, கிடைக்கருவிகளில் ஓங்கித் தெரியும். இரண்டிற்கும் இடைப்பட்ட விநாடிகளை எட்டால் பெருக்கினால் தொலைவு ஏறத்தாழக் கிலோமீட்டரில் கிடைக்கும். திசையை அறிய வேண்டுமாயின் கிடைக்கருவிகள் இரண்டும் சரியாக வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். முதல் அசைவு மேல்நோக்கியும் கிழக்குநோக்கியும் இருந்தால், தள்ளிய கை மேற்கே உள்ளது என்பது பொருள்.

நம் பழைய மாணவராகிய பொறியாளர் ஒருவர் ஜியோபோன் எனப்படும் உணர்கருவிகள் மூன்றையும் பதிவுப் பெட்டியையும் அன்பளிப்பாகத் தந்தார். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனும் பொறுப்பேற்றனர். சாமான் அறையின் தரையைப் பெயர்த்துப் பாறையைக் கண்டு, சாந்து இட்டு, ரசமட்டம் வைத்துச் சமன் செய்தனர். திசைகாட்டியைப் பார்த்து வடக்கைக் கோடிட்டுக் கருவிகளை அமைத்தனர். நாற்பது நாள் பதிவு நடந்தது.

ஊருக்கு நேர் மேற்கே ஒரு கல்குவாரி உண்டு. ஒரு நாள் அங்கு வைத்த வேட்டின் பதிவை மாணவி கணக்கிட்டாள். விடையோ மேற்கிலிருந்து 30 பாகை தெற்கே தள்ளிக் காட்டியது. மறுநாளும் அவ்வாறே. குவாரி நகரவில்லை, ஆகவே நம் வடக்கே நகர்ந்திருக்கிறது! அறையின் மூலையில் நின்ற இரும்புப் பீரோ திசைகாட்டியின் முள்ளை ஈர்த்திருந்தது.

கண்காட்சிக்கு நான்கு நாட்களே இருந்தன. மாணவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “ஐயா, பதிவேட்டைப் புதிதாக எழுதிவிடலாம். இல்லையேல், இவர்கள் பிள்ளைகள் தவறுதான் செய்வார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.”

அச்சொல் நம்மைச் சுட்டது. நம் மாணவப் பருவத்தில் ஆய்வுக்கூடத்தில் கருவியைத் தொடாதே என்று ஒதுக்கி நிறுத்தப்பட்டவர்கள் நாம். அக்கணம் அவன் சொன்னதற்கு இசையவே நம் மனம் விழைந்தது என்பதை இம்மேடையில் மறைக்கவில்லை. ஆனால் மாணவி கூறினாள்: “ஐயா, மாற்றி எழுதினால் நாற்பது நாள் பதிவும் என்றைக்கும் தவறாகவே இருக்கும். 30 பாகை விலகி இருந்தது என்று எழுதினால் எல்லாமே சரியாகிவிடும்.”

அவள் சொன்னதே அறிவியல். கடலடியில் இறக்கப்படும் கருவிகள் எத்திசை நோக்கி அமர்ந்தன என்பதை எவரும் கண்ணால் காண்பதில்லை. இடம் அறிந்த நிலநடுக்கங்களின் பதிவைக் கொண்டே பின்னர்க் கணித்துத் திருத்துகின்றனர். விலகல் தெரிந்தால் கணக்கால் திருத்தலாம். மறைத்த விலகலைத் திருத்த எக்கணக்கும் இல்லை.

பின்னர்ப் பள்ளி முற்றத்தில் கோல் ஒன்றை நட்டு, அதனைச் சுற்றி வட்டம் வரைந்தோம். காலையிலும் மாலையிலும் நிழல்நுனி வட்டத்தைத் தொட்ட புள்ளிகளை இணைக்கக் கிழக்குமேற்குக் கோடு கிடைத்தது. அரண்மனை எழுப்பக் கோலின் நிழலால் திசை கண்ட செய்தி நெடுநல்வாடையிலும் உண்டு. அக்கோட்டைக் கயிறு பிடித்து அறைக்குள் கொண்டுசென்று கருவிகளைத் திருப்பினோம். திருப்பிய நாளையும், பழைய விலகலையும், அதன் காரணத்தையும் பதிவேட்டில் சிவப்பு மையால் அம்மாணவனே எழுதினான்.

பரிசு கிடைத்ததா எனக் கேட்பீர்கள். கிடைக்கவில்லை. ஆயினும் பார்வையிட வந்த ஆசிரியர் ஒருவர், அச்சிவப்பு வரிகளின் முன் நெடுநேரம் நின்று, பிள்ளைகள் இருவரையும் பல கேள்விகள் கேட்டு, விடைகளைத் தம் ஏட்டில் குறித்துக்கொண்டார்.

மாணவச் செல்வங்களே! கருவி, தொடும் கையின் பிறப்பைக் கேட்பதில்லை. வைத்த திசையை மட்டுமே கேட்கிறது. அதை உண்மையாக எழுதிவையுங்கள். தவறினால் அதனையும் எழுதிவையுங்கள். நாளை அவ்வேட்டைத் திறப்பவர் உங்களை நம்பிக் கணக்கிடுவார்.